மைக்குக்காரிக்கு நான் சொல்லிக்கொடுத்தது

"அப்ப ஒன் வூட்டுக்கும் வந்துட்டாளா அந்த மைக்குக்காரி? தோள்ல கறுப்புப் பை மாட்டிக்கிட்டு, பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டு? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நேத்து சாயங்காலம் ஒன் வாசல்ல வெள்ளச் செருப்பு கெடந்துச்சு. நம்ம தெருவுல வெள்ளச் செருப்பு போடறவ யாருடி இருக்கா? நெசத்தச் சொல்லு, ஒத்துக்கிட்டியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி துணி அலசிக்கொண்டிருந்தாள். போன மாதம்வரை அவள்தான் என்னிடம் வந்து, மூலைவீட்டு மருமகள் ஆன்லைனில் புடவை வாங்குவதையும், அதைத் திருப்பி அனுப்புவதற்குள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டு வருவதையும் மூச்சுவிடாமல் சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் வாயைத் திறக்கவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

எனக்கு எழுத்து வராது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அவள் போனில் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுவேன் என்கிறாள், செய்யட்டும். ஆனால் யாராவது யாரிடமாவது பேசினது வந்தால் அதை அப்படியே போடு என்று சொல்லியிருக்கிறேன். பேச்சைத் திருத்தினால் அது வேறு யாருடைய பேச்சோ ஆகிவிடும்.

இந்தப் பேத்திக்காகத்தான் நான் சுவரேறிக் கேட்டது. என் மகள் பெற்றவள். மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவளைச் செம்மங்குப்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை, சொந்த வீடு, எல்லாம் இருந்தது. கையும் இருந்தது, நீளமாக. இவளுடைய இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. சப்பாத்தி மாவு பிசையும்போது பார்த்தால் தெரியும். நாலு வயதுப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் சிதம்பரத்துக்கு என் வீட்டோடு வந்துவிட்டாள்.

இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்து பேசினார்கள். அவளுடைய மாமியார் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"வேலைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் அங்க இருக்கட்டும். நாங்க வேணாங்கல. வேலயும் இல்லாம பொறந்த வூட்ல குந்திக்கிட்டு இருக்கறது எந்த ஊரு நியாயம்?"

பெரிய மனுஷர்கள் தலையை ஆட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். ஏன் ஆட்டமாட்டேன்? அப்போது அவளுக்கு அருமையான வேலை இருந்தது. அது போகும் என்று யார் கண்டார்கள்?

வேலை கடலூரில். உரம், மருந்து விற்கிற ஒரு கம்பெனி, விவசாயிகளுக்கு என்று ஒரு போன் நம்பர் வைத்திருந்தது. பயிரில் ஏதாவது வந்தால் கூப்பிடலாம். எடுத்துப் பேசுவதற்குப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். காலையில் பஸ் ஏறுவாள். செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனி வாடைக்காக பஸ்ஸே மூக்கைப் பொத்தும். இவள் துப்பட்டாவால் முகத்தையே மூடிக்கொள்வாள். அதைத் தாண்டிவிட்டால் பிறகு நாள் முழுக்கப் பேச்சுதான். சாயங்காலம் வந்து அன்றைக்குப் பேசினதையெல்லாம் எனக்கு நடித்துக் காட்டுவாள். அதுதான் எனக்கு டிவி.

நம் பக்கத்து ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆள் ஒருத்தர் போன் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"சொல்லுங்க ஐயா."

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மாதான் போட்டேன்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. கடலூர்ல மழயா?"

"தூறுது. அங்க?"

"இங்கயும்தான். மாடு கன்னு போட்டிருக்கு."

"அடடே! காளயா, கெடாரியா?"

"கெடாரி."

அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். அதற்கப்புறம்தான், "வயல்லதான் நடுவுல வட்டம் வட்டமா காஞ்சாப்ல இருக்கு. ஒண்ணுமில்ல, கேட்டு வைக்கலாம்னு..." என்று இழுப்பார். வட்டம் வட்டமாகக் காய்ந்தால் அது புகையான் பூச்சி. ஒரு வாரம் விட்டால் வயலில் வைக்கோல்தான் மிஞ்சும். வயிறு எரிந்துகொண்டுதான் அந்த ஆள் போனே போட்டிருப்பார். ஆனாலும் நேராகச் சொல்ல மாட்டார். கெட்டதை வாயைத் திறந்து சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று நமக்கு ஒரு பயம். முன்பின் தெரியாத பெண்ணிடம் குறை சொல்லி நிற்பதில் ஒரு வெட்கமும்கூட.

அந்தக் கம்பெனி முதலிலேயே ஒரு மெஷினைக் கொண்டுவந்து பேச வைத்தது. கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே யோசித்து, பொம்பளைக் குரலில் பதில் சொல்லுமாம். வெள்ளாமை சங்கதியெல்லாம் மனப்பாடமாம் அதற்கு. ஆனால் நம் ஆள், "ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தால், "நன்றி, வணக்கம்" என்று சொல்லி வைத்துவிடும். பேத்தி அதை நடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புரையேறிவிட்டது. அந்த "ஒண்ணுமில்ல" மெஷினுக்குப் புரியாத வரைக்கும் பன்னிரண்டு பேருக்கும் வேலை இருந்தது.

அப்புறம்தான் மைக்குக்காரி வந்தாள்.

சொன்னவளே பேத்திதான். "ஆயா, ஒன் வாய்க்கு ஒரு வேல வந்திருக்கு. வயசானவங்க நம்ம ஊரு பேச்சு பேசணுமாம். நீ பேசறத பதிவு பண்ணுவாங்க. அவ்ளோதான்" என்றாள். எந்தக் கம்பெனிக்கு, எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னைப் பேசச் சொல்லி ஒருத்தர் கூப்பிடுகிறார் என்றால் நான் வேறென்ன கேட்பேன்? என் வீட்டுக்காரர் இருந்தவரை, "அந்த வாயக் கொஞ்சம் சாத்துடி, காது வலிக்குது" என்பதைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மாடியில் ஒரு ரூம். ஏசி. காதுக்கு ஒன்றாக இரண்டு மெதுவடையைக் கவிழ்த்த மாதிரி ஒன்றை மாட்டினாள். டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "சொல்லுங்க பாட்டி" என்றாள்.

என்ன சொல்லவில்லை நான்! வெள்ளத்தில் அரிசிப்பானைக்குள் சாரைப்பாம்பு வந்து சுருண்டிருந்தது, நாத்தனார் கொழுந்தன் நடவு வயலிலிருந்தே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடியது, அவளை நாங்கள் ஒரு மாதம் எங்கே ஒளித்துவைத்தோம் என்பது, எல்லாம். நடுவில் நிறுத்தினால், "இன்னும் சொல்லுங்க" என்பாள். எழுபது வயதில் முதல் தடவையாக அந்த வார்த்தையைக் கேட்கிறேன். பொய் சொல்லவில்லை, அந்த ஒரு வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்தேன். பேச்சைப் பதிவு பண்ணுகிற மெஷினுக்குப் புடவை தெரியுமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அவள் கேட்டாள்:

"பாட்டி, ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்துல போன் போட்டு ஒண்ணுமில்லன்னு சொல்றாங்களே. ஒண்ணுமில்லன்னா அப்பறம் எதுக்கு போன் போடறாங்க?"

நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். "அடி பைத்தியக்காரி, ஒண்ணுமில்லன்னா என்னமோ இருக்குன்னுடி!"

"அப்ப அத எப்படிச் சொல்ல வைக்கறது?"

"மூணு தரம் கேக்கணும். மொதல்ல சோறு. ரெண்டாவது மழ. மூணாவது மாடு கன்னு, புள்ள குட்டி. அதுக்கப்பறம் நீ ஒண்ணும் கேக்காத. வாய மூடிக்கிட்டு இரு. மூச்சு சத்தம் கேக்கும் பாரு, அது நீளமா வந்துச்சுன்னா சொல்லப் போறான்னு அர்த்தம். குறுக்க பேசின, கெட்டுது."

"செஞ்சு காட்டுங்களேன் பாட்டி."

காட்டினேன். வயற்காரனாகவும் நானே பேசினேன், போனை எடுக்கிற பெண்ணாகவும் நானே பேசினேன். இழவு வீட்டுக்காரன் எப்படி இழுப்பான், மருமகனிடம் மறைக்கிறவன் எப்படி இழுப்பான், கோபக்காரன் எப்படி முணுமுணுப்பான் என்று வகைவகையாகச் செய்தேன். அவள் கைதட்டினாள். அத்தோடு விட்டேனா? என்னோடு நடவு நட்ட கூட்டாளிகள் ஆறு பேரையும் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தி வெட்கப்பட்டு வரமாட்டேன் என்றாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அது முடிந்து ஒரு தீபாவளி போயிற்று. ஒரு நாள் பேத்தி மத்தியானத்திலேயே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"என்னாடி, சீக்கிரமே வந்துட்ட?"

"ஒண்ணுமில்ல ஆயா."

"அப்ப சரி, இதக் கேளு" என்று ஆரம்பித்துவிட்டேன். மூலைவீட்டு மருமகளின் புடவைக் கதைதான். சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. குழந்தைதான் போய், "ஏம்மா அழுவுற?" என்று கேட்டது. அப்போதுதான் நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஊருக்கெல்லாம், மெஷினுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன், என் வீட்டுப் பெண் உட்கார்ந்து சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது.

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரை அன்றைக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்றால் மெஷின் இப்போது போனை வைப்பதில்லையாம். காத்திருக்கிறதாம். மூன்று பேரை மட்டும் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் இவளும் ஒருத்தி. என்ன வேலை? மெஷின் பேசினதைக் கேட்டு, எங்கே தப்பாகப் பேசியிருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது. கடலூருக்குப் போக வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். தப்பு இருக்கிற வரைக்கும் வேலை.

நான் முதலில் அதை நம்பவில்லை. நானே அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெரிய அதிகாரி கிடைத்தால் காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டது.

"வணக்கம், சொல்லுங்க அம்மா."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல" என்றேன்.

"பரவாயில்ல. சாப்ட்டீங்களா?"

குரல் யாருடையதோ, ஆனால் அந்த இழுப்பு என்னுடையது. "சாப்ட்டீங்களா"வில் கடைசியில் கொஞ்சம் தூக்குவேன், அது அப்படியே வந்தது. மழையைக் கேட்டது. மாட்டைக் கேட்டது. அப்புறம் பேசாமல் இருந்தது. நான் மூச்சுவிடுவது எனக்கே கேட்டது. அது குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்காக ஒருத்தரும் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தியின் மணிக்கட்டு, மாமியார் வைத்த கெடு, வேலை போனால் அவளை அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டும், அவன் இன்னும் குடிக்கிறான், குழந்தை அவன் பெயரைக் கேட்டாலே கட்டிலுக்கடியில் போகிறது, எல்லாம். கடைசிவரை கேட்டுவிட்டு அது ரொம்ப மெதுவாகச் சொன்னது:

"மனசு கஷ்டமா இருக்கும்மா. ஒங்க வயல் எந்த ஊர்ல இருக்கு?"

வைத்துவிட்டேன். என்ன தப்பு அதன் மேல்? அதற்குத் தெரிந்ததைக் கேட்டது. பேத்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "இது தப்புன்னு குறிக்கலாம் ஆயா. ஒரு தப்பு கெடச்சிடுச்சு" என்றாள். தப்பு கிடைப்பதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு என் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்துவிட்டேன்.

நடவு மெஷின் வந்தபோது எங்கள் கை வேலை போயிற்று. அறுப்பு மெஷின் வந்தபோது இடுப்பு வேலை போயிற்று. அவையெல்லாம் லாரியில் வந்து இறங்கின. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் வரப்பில் நின்று திட்டிவிட்டு வந்தோம். இது அப்படியா? டீ கொடுத்து, உட்காரவைத்து, எங்கள் வாயாலேயே வாங்கிக்கொண்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் பேச்சை நம்பிப் படித்தவர்கள். போனில் பேசுவது, கவுண்ட்டரில் பேசுவது, பாடம் சொல்வது. அதையும் கொடுத்துவிட்டால் அவர்கள் எதைக் கொண்டு போய் எங்கே நிற்பார்கள்? எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களைக் கேட்டாலும் அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பக்கம் பக்கமாகத் தப்பு குறிப்பாள். பிறகு குறைந்துகொண்டே வந்தது. இப்போது மைக்குக்காரி திரும்ப வந்திருக்கிறாள். மெஷின் இன்னும் எங்கெங்கே தடுமாறுகிறதோ அதையெல்லாம் கேட்டுக்கொண்டு போக. முதலில் என்னிடம்தான் வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "தொண்ட கட்டிப் போச்சு" என்றேன். கேட்டவள், "சாப்ட்டீங்களா பாட்டி?" என்றாள் பாருங்கள்! அதனால்தான் அவள் பக்கத்து வீட்டுக்குப் போனது. அதனால்தான் நான் சுவரேறியது.

"போவாதடி. ஒன் கால வேணா புடிக்கிறேன். நீ ஒருத்தி பேசலன்னா எம்பேத்திக்கு இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்றேன்.

துணியைப் பிழிந்து உதறிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் போவலன்னா கோடித்தெருக்காரி போவா. அவ போவலன்னா இன்னொருத்தி. எத்தன பேரு காலத்தான் புடிப்ப?"

"மத்தவள வுடு. நீ போவாத."

"யக்கா, ஒன்ன ஒண்ணு கேக்குறேன். நீ ஒரு வாரம் போனியே, எப்படி வந்த? புதுப்பொண்ணு மாதிரி வந்த. எனக்கு மட்டும் அந்த ஆச இருக்காதா? எம்மவன் துபாய்லேருந்து ஞாயித்துக்கெழம போடுவான். 'நல்லா இருக்கியா, வச்சிடவா?' அவ்ளோதான் பேச்சு. அந்தப் பொண்ணு நேத்து அரமணி நேரம் எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு குந்தியிருந்துச்சு."

"எங்கிட்ட பேசேன்டி. நான் இல்ல?"

"ஒங்கிட்டயா? ஒங்கிட்ட எவ பேச முடியும்? நீ எங்க கேப்ப?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இறங்கி உள்ளே வந்து, அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை போனாள். பச்சைப் புடவை, தலையில் பூ. திரும்பி வந்தபோது சுவருக்கு மேல் அவள் தலை முழுசாகத் தெரிந்தது, எதன் மேல் ஏறி நின்றாளோ.

"யக்கா, என்னமா கேக்குறா தெரியுமா! மருந்த மாத்தி அடிச்சிப்புட்டு வெக்கத்துல மறைப்பானுங்கல்ல, அவன எப்படி ஒத்துக்க வைக்கறதுன்னு கேட்டா."

"என்னா சொன்ன?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்!"

என்ன முகம் அது. என் முகமும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அது நடந்து மூன்று வாரம். நேற்று முழுக்கப் பேத்தி காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். கழற்றி வைத்தபோது நான் கற்றுக்கொண்ட பாடப்படி, சோறு கேட்டேன், மழை கேட்டேன், குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா எனக்கு அது?

"ஒரு தப்புகூட இல்ல ஆயா" என்றாள்.

இன்று காலை செம்மங்குப்பத்திலிருந்து போன். மாமியார்தான்.

"வேல இருக்கா அவளுக்கு?"

"இருக்கு இருக்கு. பேஷா இருக்கு" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வரோம். பாத்துட்டுப் போறோம். இல்லன்னா கையோட அழச்சிக்கிட்டு வந்துடுவோம்."

எதைப் பார்ப்பார்கள்? அவள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேலை மாதிரிதான் தெரியும். ஞாயிறு அன்றைக்கு அப்படியே உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன், அவர்களுக்கு ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்காமல். அதற்கடுத்த ஞாயிறு வந்தால்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தோம். ஒரு ஊர் பெயரும் வாயில் வரவில்லை. அந்த மணிக்கட்டை நான் ராத்திரி வேப்பெண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன், கொஞ்சம் திரும்புகிறது, இன்னும் கொஞ்சம் நாள் இங்கேயே இருந்தால்...

ஐயோ, தெருக்குழாயில் சத்தம் கேட்கிறது. தண்ணீர் விட்டுவிட்டான். இரண்டு நாளாக வரவில்லை, வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட ஒரு செம்பு இல்லை. எழுதினது போதும், போனைக் கீழே வை. நீ பெரிய குடத்தைத் தூக்காதே, கை வலிக்கும். சின்னதை எடு. பெரியதை நான் பார்த்துக்கொள்கிறேன். வா, வா, வரிசை சேர்ந்துவிடும்.